சர்க்கரை டப்பாவில் இருந்த சாவி

என்னங்க,

அக்கார்டியன் பெட்டிச் சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இந்த வீட்டில் காலையில் டீ போடுவது யார் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு அந்த பஸ் ஓட்டுகிற பெண் அக்கார்டியனை வாங்கிப்போக வருவாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் எடுத்துக் கொடுங்கள். இடது பக்கம் மூன்றாவது பொத்தான் அமுங்கினால் எழாது, நகத்தால் நெம்பவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாட்டில் அந்தப் பொத்தான் வரும்போதெல்லாம் நான் உரக்கப் பாடிச் சமாளித்ததை மட்டும் சொல்லவேண்டாம்.

"அதை வித்துட்டா நீ நீயாவே இருக்கமாட்டே" என்று நேற்று கத்தினீர்கள். இருப்பேன். தோள்வலி இல்லாத நானாக இருப்பேன். விற்பது என்று முடிவு செய்த பிறகுதான் எத்தனையோ மாதம் கழித்து அசந்து தூங்கினேன், உங்கள் குறட்டையையும் மீறி.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பி.கு.: கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்பீர்களே, அந்த நாட்டுப்பாட்டு அவளுக்கும் தெரியுமாம். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என்னைவிட நன்றாக வாசித்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.