கூலி என்று சொன்னவர்

பிப்ரவரி 2, வெள்ளி

பனி. வாய்க்கால்கூடத் தெரியவில்லை. அப்பாவைப் புதைத்துப் பதினோரு நாள். கதிர் சாய ஆரம்பித்துவிட்டது.

செய்ய வேண்டியவை: அறுப்புக்கு ஆள் சொல்ல. களம் மெழுக. ஹாஸ்டலுக்குக் கடிதம். அப்பாவின் செருப்பை யாருக்காவது கொடுக்க. கோயிலுக்கு மட்டும் போட்ட செருப்பு. அதையும் மிராசுதார் தெரு வந்ததும் கையில் எடுத்துக்கொள்வார். புதிது போலவே இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

காலையில் போதகர். துக்கம் விசாரிக்க மூன்றாம் முறை. அப்பா இந்தச் சபைக்குக் கிடைத்த பாக்கியம் என்றார். காபியை உறிஞ்சினார். பிறகு நிலம். சபைக்குச் சொந்தமான ஐந்து மா. இருபத்தோரு வருஷம் அப்பா பயிர் வைத்தது. இந்த அறுவடை உங்களுக்கு, அதற்குப் பிறகு கமிட்டி வேறு ஆளுக்கு விடும் என்றார்.

நாங்கள்தானே குத்தகைக்காரர்கள் என்றேன்.

"ஒங்க அப்பாவே கூலின்னு அதிகாரிகிட்ட வாக்குமூலம் கொடுத்திருக்காரே தம்பி. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதகர் கடைசி வாய் காபியையும் குடித்துவிட்டு ஜெபம் செய்தார். தம்ளரைக் கீழே வைக்காமலே.

பிப்ரவரி 3, சனி

டீக்கடை. ஒரு பக்கம் கறுப்பு சிவப்பு, ஒரு பக்கம் சிவப்பு மட்டும். நடுவில் ஈ.

கோவிந்தராசு எல்லாவற்றையும் சொன்னார். செங்கொடிச் சங்கத்துக்காரர். அப்பாவும் அவரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்.

இரண்டு வருஷத்துக்கு முன் குத்தகைப் பதிவுக்கு ஜீப்பில் அதிகாரி வந்திருக்கிறார். பேர் பதிந்துவிட்டால் யாரும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. அப்பாவை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியதே இவர்தான். அப்பாவின் முறை வந்தது. சபை நிலத்தை யார் சாகுபடி செய்வது என்று அதிகாரி கேட்டார்.

"'நான் சபைக்குக் கூலிங்க'ன்னாரு ஒங்கப்பன். சொந்த மாடு, சொந்த வெதை. வெளைஞ்சாலும் குத்தகை நெல்லு, காஞ்சாலும் குத்தகை நெல்லு. அம்புட்டையும் ஒரே வார்த்தையில துப்பிட்டாரு. செயிலுக்குப் போனது நானு, சிலுவைய அவரு தூக்கிட்டுப் போறாரு."

சிரித்தார். டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். புடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த அதிகாரி வருவதற்கு முந்தின ஞாயிறு, போதகரின் பிரசங்கம். திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், பங்கு கேட்டு வந்த வேலைக்காரர்களை அடித்து, கடைசியில் எஜமானின் மகனையே கொன்றுபோட்ட கதை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த உவமை. ஆனால் அந்த வாரம் பார்த்து. அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. வேதத்தை எடுத்து, விரல் வைத்து, அதையே மறுபடி வாசித்தாராம்.

"அந்தக் குத்தகைக்காரனுவ கூட்டத்துல நான் நிக்க மாட்டேன்னாரு. அவ்வளவுதான்."

திராட்சையைக் கண்ணால் பார்த்திராத மனிதர்.

இந்த மாதிரி விஷயத்துக்குப் பெயர் உண்டு. போன பருவத்தில் கல்லூரியில் அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல மார்க். இப்போது அந்த எட்டுப் பக்கமும் அருவருப்பு.

பிப்ரவரி 4, ஞாயிறு

வெயில். அம்மா கோயிலுக்கு. நான் போகவில்லை.

அப்பா. ஞாபகம் வருபவை:
முதல் ஏர் பூட்டுமுன் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி ஜெபம். சுருக்கமாக. மேஸ்திரிக்குப் பதில் சொல்வது போல.
குதிகால் வெடிப்பில் வேப்பெண்ணெய்.
உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி கர்த்தருக்கென்று தனிப் பானையில். எங்களுக்குக் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும். அந்தப் பானையை நான் வெறுத்தேன். ஒருமுறை திருடித் தின்றேன். பச்சை அரிசி. வயிற்றுவலி.
என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதுவும் கோபம்தான் எனக்கு.

சாயந்திரம் அம்மா, கேட்காமலே, ஒன்று சொன்னாள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வறண்ட வருஷம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் மண்வெட்டி தொட மாட்டேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அப்பா ஆராதனைக்குப் போய்விட்டார். அம்மா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அவர் தலை மறைந்ததும் போய் மடையை வெட்டினாள். வயல் நிறைந்ததும் அடைத்துவிட்டு, காலைக் கழுவி, வந்து மறுபடி படுத்தாள். அப்பா திரும்பும்போது வயல் நிறையத் தண்ணீர். வரப்பிலேயே முழங்காலிட்டாராம்.

"சொல்லிப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு மொகத்தப் பாத்தேன். சொல்லல."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வருஷா வருஷம் அறுப்புப் பண்டிகையில் அப்பா எழுந்து நின்று சொன்ன சாட்சி அந்தத் தண்ணீர்தான். சபையே ஸ்தோத்திரம் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

அறுப்பு தொடங்கியது. ஒன்பது ஆள். என் கையில் அரிவாள் வெட்டு, சின்னது. பெண்கள் கேலி: "பட்டணத்து ரத்தமும் செவப்பாத்தான் இருக்கு."

கோவிந்தராசு வரப்புக்கு வந்தார். வாரிசு என்று அம்மா பேரில் பதிவு கேட்கலாம். வியாழக்கிழமை தாசில்தார் மனு வாங்குகிறார். ஆனால் அப்பாவின் வாக்குமூலம் குறுக்கே நிற்கிறது. அது உண்மையில்லை என்று நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது எப்படியோ போதகர் காதுக்கு எட்டி, இருட்டுமுன் வந்துவிட்டார். இந்தத் தடவை காபி வேண்டாம் என்றார்.

"செத்தவரப் பொய்யராக்கப் போறீங்களா தம்பி? அந்த மனுசன் வாயில ஒரு பொய் வந்து நீங்க கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. வாழ்நாளில் ஒரே பொய், அதையும் கர்த்தருக்காகச் சொன்னார். இவர் அதைச் சத்தியம் என்று ஏந்திக்கொண்டு நிற்கிறார். எதிரில் நான், கையைக் கட்டிக்கொண்டு. கை ஏன் தானாகக் கட்டிக்கொண்டது?

சென்னைக்கு ரயில் ஏறிவிடலாம் என்று தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவைக்கிறேன். கோழை.

பிப்ரவரி 8, வியாழன்

தாசில்தார் ஆபீஸ். கூட்டம். வெற்றிலை எச்சில், கார்பன் பேப்பர் வாடை. அம்மா வெள்ளைப் புடவையில். கோவிந்தராசு பிடித்துவைத்திருந்த மனு எழுதுபவர், வராந்தா ஓரம், மூக்குக்கண்ணாடியில் நூல். கேட்டுக்கொண்டே மளமளவென்று எழுதினார். பிறகு வாசித்துக் காட்டினார். என் கணவர் காலஞ்சென்ற மாசிலாமணி, எழுத்தறிவற்றவராகவும், சட்டம் அறியாதவராகவும் இருந்தபடியால், அறியாமையால் கூலி என்று தவறுதலாகச் சொல்லிவிட்டார்.

நல்ல வாக்கியம். யாரும் பொய்யரில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மா, அதை அடிக்கச் சொன்னாள்.

"தெனம் வேதம் வாசிச்ச மனுசன். அறியாமன்னு எப்புடிப் போடுவீங்க?"

எல்லோருக்கும் இப்படித்தான் போடுவது, அதிகாரிக்கு இரக்கம் வரும், தெரிந்தே சொன்னார் என்று போட்டால் மனு நிற்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். கோவிந்தராசுவும் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னார். நிலம் போய்விடும் அக்கா என்றார். அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவரு தெரிஞ்சுதான் சொன்னாரு. நீ எழுது. பொய்னே எழுது."

மனு எழுதுபவர் பேனாவை மூடிவிட்டார். புது வெள்ளைத்தாள் வாங்கி, சுவரில் வைத்து, மகன் என்று என் பேரில் நானே எழுதினேன். என் தகப்பனார் இருபத்தோரு வருஷம் குத்தகைக்காரர். கூலி என்று அவர் சொன்னது பொய். தெரிந்தே சொன்னார்.

வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

இன்னொரு தரம் என்றாள்.