யார் செய்த வயல்

நவம்பர் 4

உர மானியம் ஊரில் எல்லோருக்கும் வந்துவிட்டதாம். எங்களுக்கு இல்லை. கமநல நிலையத்துக்குப் போனேன். பிரசாந்தி என்று புது உத்தியோகத்தர். கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வந்திட்டுது அக்கா. காணிக்காரற்றை கணக்குக்குப் போயிருக்கு. வயல் செய்யிறதும் அவர் எண்டுதான் பதிவிலை கிடக்கு.”

காணிக்காரர் முத்துக்குமாரு ஐயா கொக்குவிலில் இருக்கிறார். சண்டிலிப்பாய் வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுது, விதைத்து, அறுப்பது நானும் என் கணவரும். ஐயா வரப்பில் கால் வைத்தே வருஷக்கணக்கு.

பெயரை மாற்ற அவருடைய கையெழுத்து வேண்டுமாம்.

நவம்பர் 6

கொக்குவிலுக்குத் தனியாகத்தான் போனேன். “இதைப் போய்க் கேட்டால் உள்ளதும் போயிடும்” என்று இவர் வரவில்லை.

ஐயா தேத்தண்ணி தந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

“காசை உங்களிட்டைத் தாறன் தேவமலர். எனக்கு அதிலை ஆசை இல்லை. கையெழுத்து மட்டும் கேக்காதையுங்கோ.”

“ஏன் ஐயா?”

“நாளைக்குக் காணி எங்கடை எண்டு நிப்பியள். சட்டமும் உங்கடை பக்கம்தான் கதைக்கும்.”

காசை மேசையில் வைத்தார். எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்ய, பயிர் மஞ்சளடித்துப்போய் நிற்கிறது. பஸ்ஸில் வரும்போது பிச்சை வாங்கினது போல இருந்தது. ஏன் அப்படி? எனக்கு வந்த காசுதானே.

நவம்பர் 7

யூரியா எறிந்தோம். முதுகு விட்டுப்போச்சு.

நவம்பர் 27

மழை விடவில்லை. வயல் எது குளம் எது என்று தெரியவில்லை.

டிசம்பர் 5

வெள்ளம் வடிந்துவிட்டது. பயிர் அழுகி நாறுகிறது.

அழிவைப் பதிய பிரசாந்தி வந்தாள். ஐயாவையும் கூப்பிட்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் நின்றார்.

“ஆர் செய்த வயல்?” என்று பிரசாந்தி கேட்டாள். இவர் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு என்ன வந்ததோ—

“நாங்கள்தான் செய்தது. எப்ப விதைச்சதெண்டு ஐயாவைக் கேளுங்கோ, சொல்லட்டும்.”

ஐயா குனிந்து அழுகிய பயிரில் ஒரு பிடியைப் பிடுங்கினார். வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஓம். அவைதான் செய்தவை. தேவமலரின்ரை பேரிலை எழுதுங்கோ பிள்ளை.”

கையெழுத்தும் வைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பெப்ரவரி 20

நட்டஈடு வந்தது, என் பெயரிலேயே. உழவுக்கும் விதைநெல்லுக்கும் போட்டதில் பாதியும் இல்லை. என்றாலும் வங்கியில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழும்பி நேராகத்தான் நடந்தேன்.

பெப்ரவரி 23

ஐயா ஆள் அனுப்பியிருந்தார். இனி எங்களுக்கு வயல் தர ஏலாதாம். கனடாவில் இருக்கும் மகனுக்கு விருப்பமில்லையாம்.

‘அப்பவே சொன்னன்’ என்று இவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். நான் கேட்டது பிழையோ?

ஜூன் 11

நீர்வேலியில் வாழைத்தோட்டத்து வேலை. இரண்டு பேருக்கும் நாட்கூலி. குலை சுமந்து தோள் கன்றிப்போயிருக்கிறது.

ஜூலை 2

தோள் பழகிவிட்டது.

நவம்பர் 10

மத்தியானம் தோட்டத்தில் நிற்கும்போது பிரசாந்தி போனில் கூப்பிட்டாள். “அக்கா, உர மானியத்துக்கு உங்கடை பேர் பதிவிலை இருக்கு. எத்தினை பரப்பு விதைச்சனீங்கள்?”

“விதைக்கேல்லைப் பிள்ளை. அந்த வயல் இப்ப எங்களிட்டை இல்லை.”

“அப்ப பேரை வெட்டவேணும் அக்கா.”

“வெட்டுங்கோ.”

“இப்ப அங்கை ஆர் செய்யினம்?”

நீக்கிலாப்பிள்ளைதான் செய்கிறார். பெண்சாதியும் கூட நிற்கிறாள். போன கிழமை அந்தப் பக்கம் போகும்போது பார்த்தேன். பயிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. பெயர் வாய் வரைக்கும் வந்தது. என் பெயர் ஏறின பிறகுதானே வயல் போனது; நிறுத்திக்கொண்டேன்.

“ஒரு குத்தகைக்காரர்தான். மானியம் அவருக்குத்தான் வரவேணும். ஆனால் வயலுக்குப் போய் முதல் அவரைக் கேளுங்கோ பிள்ளை. கேக்காமல் பேரை எழுதிப்போடாதையுங்கோ.”

“ஏனக்கா?”

லொறி வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். லொறி உண்மையாகவே வந்திருந்தது. இவர் முதல் குலையைத் தூக்கிவிட்டார், நான் ஏற்றினேன்.