மதினி, உங்கள் கொம்பை நான் கட்டிக்கொண்டேன்

என் அருமை மதினிக்கு,

வட்டக்கானலிலிருந்து ஈஸ்வரி எழுதுகிறேன். மேகம் இறங்கிவிட்டது, எதிரே நிற்கிற தைலமரம்கூடத் தெரியவில்லை. லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். விரிப்புகளைத் துவைக்கப் போட்டுவிட்டு, அடுப்படி மூலையில் சூட்டுக்காக உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துபோயிற்று. வேறு யாரிடம் சொன்னாலும் "இதுக்கெல்லாமா பயப்படுவே?" என்கிறார்கள். நீங்கள் ஒருத்திதான் "எதுக்குப் பயப்படுறே, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்பீர்கள்.

வீட்டுச் சேதி முதலில். பழனி அடிவாரத்தில் அண்ணன் கடையை மறுபடி திறந்துவிட்டார். பாதயாத்திரைக் கூட்டம் வருகிற நாளில் மூச்சுவிட நேரமில்லை. கூட்டமில்லாத நாளில் எனக்குப் போன் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பார். நானும் பேசாமல் இருப்பேன். பின்னால் கோயில் மணியும் ஆட்டோ ஹாரனும் கேட்கும். "சரி, வைக்கட்டா" என்பார். அவ்வளவுதான்.

சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதானே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? மாற்றுச் சேலை ஒன்றுதான் எடுத்துப் போனீர்கள். திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு நாடகம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நீங்கள், நான், தவில் வாசிக்கிற சின்னச்சாமி அண்ணன், மூன்று பேர்தானே நம் குழு? மலைப் பள்ளிக்கூடங்களில் நாம் போட்ட குழந்தைகள் நாடகத்திலெல்லாம் புலியும் பூதமும் காட்டெருமையும் நீங்கள். முயலும் சிட்டுக்குருவியும் நான். பயந்து நடுங்குகிற வேஷம் என்றால் எனக்குத் தனியாக நடிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் சின்னச்சாமி அண்ணன் வந்தார். கையில் பழைய வேட்டியால் சுற்றிய மூட்டை. பிரிக்காமலே தெரிந்துவிட்டது, உங்கள் காட்டெருமைக் கொம்பு.

"பூண்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கூப்புடுறாங்க ஈஸ்வரி. காட்டுமாடு நாடகந்தான் வேணுமாம்."

"மதினி இல்லாம எப்படிண்ணே?"

"நீதான் மாடு. நான் முயலு."

"உங்க வயித்துக்கு முயலா?"

"மலைமுயலு. நல்லாத் தின்ன முயலு" என்றார். சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

காகிதக் கூழில் நீங்களே செய்த கொம்பு. உள்ளே தலை பொருந்துகிற துணியில் உங்கள் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் திரும்ப வைத்துவிட்டேன். உங்களைப் போல் நடித்துவிடுவேனோ என்று ஒரு பயம். உங்களைப் போல் வராமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம். எது பெரிசு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எந்தப் பாத்திரமானாலும் "இதுக்கு எங்க வலிக்கும்?" என்றுதானே தொடங்குவீர்கள்? பூதத்துக்குக் குதிகால் வலி என்று நொண்டி நடந்தீர்களே, பிள்ளைகள் முதலில் அலறிவிட்டு அப்புறம் அந்தப் பூதத்துக்குப் பாவப்பட்டார்கள். காட்டெருமைக்கு எங்கே வலித்தது என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை. என் வேஷம் முயல், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அதனால் நேரில் பார்க்கப் போனேன், மதினி. நானா என்று ஆச்சரியப்படாதீர்கள். லாட்ஜுக்குக் கீழே சரிவில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று மேய வருகிறது. வெள்ளனே எழுந்து மதில் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மேகத்துக்குள் முதலில் நாலு வெள்ளைக் கால்கள்தான் தெரிந்தன, முழங்கால்வரை காலுறை போட்டதுபோல. மேலே உடம்பு எங்கே என்று தேடுவதற்குள் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டது.

முறைக்கவில்லை. பாயவில்லை. புல்லை மென்றபடி சும்மா நின்றது. அதன் மூக்கிலிருந்து புகை வந்து வந்து போயிற்று. அடுத்து அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை, அதற்கே தெரிந்த மாதிரியும் இல்லை. ஓடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், சுவரைப் பிடித்த விரல்கள் மரத்துப் போயின. கடைசியில் அதுவாகத் திரும்பிப் போனது. அவ்வளவு பெரிய கழுத்தைத் திருப்ப, முன்கால் இரண்டையும் மெல்ல மெல்ல மாற்றி வைத்தது. முன்காலில்தான் வலி என்று எனக்கு அப்போது பட்டது.

ஒத்திகையில் உறுமலை விட்டுவிட்டேன். முன்காலில் பாரத்தை இறக்கிவிட்டு நின்றேன், மூச்சு மட்டும் விட்டேன். சின்னச்சாமி அண்ணன் தவிலைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். "ஏத்தா, போதும். மாடே வந்து நிக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. நான் செய்தது என்ன என்று எனக்கே புரியவில்லையே.

பூண்டிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெயந்தி டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். எங்களைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"காவ்யான்னு ஒரு பிள்ளை. மூணாப்பு. அவங்கப்பாவ பூண்டுத் தோட்டத்துல காட்டுமாடு குத்திருச்சுக்கா. ஆள் பொழைக்கல. அவளும் தோட்டத்துலதான் இருந்திருக்கா."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று சின்னச்சாமி அண்ணன் கேட்டார்.

"சொன்னா வரமாட்டீங்கன்னு நெனச்சேன். இங்க எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பயந்தான். ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டேங்குது. அவங்கம்மாட்ட கேட்டேன், பாக்கட்டும்னுட்டாங்க."

வேறு நாடகம் போடலாம் என்று சின்னச்சாமி அண்ணனிடம் சொன்னேன். கொண்டுபோனது அந்த ஒரு வேஷம்தான். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், சத்தம் கேட்டது. மதினி, அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் கொம்பைக் கட்டியிருப்பீர்களா?

நான் கட்டினேன். தைரியத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான்.

வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட காட்டெருமைக்கு முயல் வழி காட்டுகிற கதைதானே? முயல் வந்து தவில் தட்டிக் குதித்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு நான் உள்ளே போனேன். நின்றேன். மூச்சு விட்டேன். சிரிப்பு அப்படியே அறுந்தது.

முதல் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் இல்லை. யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழவில்லை. என் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பைக் கழற்றினால் ஏமாற்றுகிறேன் என்று நினைப்பாளா? கழற்றாவிட்டால் என்ன ஆகும்? என் முழங்கால் நிஜமாகவே வலித்தது.

"போ" என்றாள். குரலே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. மறுபடியும், "போ. அங்கிட்டுப் போ."

கதையில் அப்படி ஒரு வசனம் இல்லை. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். மற்றப் பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். "போ! போ!" என்று வகுப்பே கத்தியது. பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பிள்ளைகளும் என்னை வெறுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனபோது காவ்யா வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொம்பிடம் கேட்டாள்:

"எங்க வீடு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சுக்கிடாத."

திரும்பி வருகிற வழி முழுக்கக் கொம்பைச் சின்னச்சாமி அண்ணன்தான் மடியில் வைத்திருந்தார்.

சில நாள் கழித்து ஜெயந்தி டீச்சர் போன் செய்தார். இடைவேளையில் காவ்யா இரண்டு குச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டெருமையாகிவிடுகிறாளாம். மற்றப் பிள்ளைகளைத் துரத்தி முட்டுகிறாளாம். டீச்சர் கையிலிருந்து போனை அவளுடைய அம்மா வாங்கினார்.

"எம்பிள்ளைக்கு என்னத்தக் கத்துக் குடுத்துட்டுப் போனீங்க? அவுங்கப்பன கொன்னதயே அவ செய்றா."

அன்றைக்கு லாட்ஜில் காபிக்குப் பதில் வெந்நீரைக் கொண்டுபோய் வைத்தேன். வேஷம் என்பது விளையாட்டுத்தான், முடிந்ததும் கழற்றிவிடலாம் என்று நாம் நினைத்திருந்தோமே மதினி, அந்தப் பிள்ளையால் கழற்ற முடியாமல் போய்விட்டால்? கொம்பைப் பேசாமல் அடுப்பில் வைத்துவிடலாமா என்றுகூட இருந்தது. சின்னச்சாமி அண்ணன்தான், "எரிச்சா அந்தப் பிள்ள நிறுத்திருமா? வா, போய்ப் பாப்போம்" என்றார்.

போனோம். பள்ளி விட்டபிறகு அதே வகுப்பறை. டீச்சர், அவளுடைய அம்மா, ஏழெட்டுப் பிள்ளைகள். காவ்யா நேரே வந்து கொம்புக்காகக் கையை நீட்டினாள்.

"நான் மாடு. அக்கா, நீ எங்கப்பா. நான் முட்டுவேன், நீ விழணும்."

அவளுடைய அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

"அவருக்கு எங்கக்கா வலிக்கும்?"

தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். பிறகு சொன்னார்: "இடுப்பு. பூண்டு புடுங்குனா குனிஞ்சது குனிஞ்சபடிதான் கெடப்பாரு. எந்திரிக்கையில ரெண்டு கையயும் முழங்கால்ல ஊண்டி, ஸ்ஸப்பான்னுதான் எந்திரிப்பாரு." சொல்லும்போதே அவர் கை தன் முழங்காலுக்குப் போயிற்று.

நான் குனிந்தேன். தரையில் இல்லாத பூண்டைப் பிடுங்கினேன். கையை முழங்காலில் ஊன்றி, ஸ்ஸப்பா என்று நிமிர்ந்தேன். பின்னால் அவளுடைய அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா, எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. காவ்யா கொம்போடு எதிரே நின்றாள். பெரிய கொம்பு, அவள் கண்வரை இறங்கிக் கிடந்தது. முன்காலை மாற்றி மாற்றி வைத்தாள். நான் செய்தது அப்படியே. பிறகு ஓடி வந்து முட்டினாள்.

விழுந்தேன். சிமெண்டுத் தரை ஐஸாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

இனி என்ன, மதினி? நாம் போட்ட எந்த நாடகத்திலும் விழுந்தவர் எழுந்துவிடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இப்போது எழுந்தால் அது எவ்வளவு பெரிய பொய்! எழாமல் கிடந்தால் அந்தப் பிள்ளை இன்னொரு தரம் அதைப் பார்க்க வேண்டும். எந்த வேஷத்திலும் இப்படித் தவித்ததில்லை. தவில் சத்தமும் இல்லை. என் நெஞ்சு அடிப்பது தரையில் கேட்டது.

ஒரு பையன் மெதுவாக, "எந்திரிங்க" என்றான்.

"எந்திரிக்க மாட்டாரு" என்றாள் காவ்யா. "எங்கப்பா எந்திரிக்க மாட்டாரு. செத்துட்டாரு."

கொம்பைக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு ஒரு சின்னக் கை என் தோளைப் பிடித்து உலுக்கியது.

"அக்கா, நீ எந்திரி. ஒனக்கு ஒண்ணுமில்ல."

எழுந்தேன். கையை முழங்காலில் ஊன்றாமல், ஈஸ்வரி எழுகிற மாதிரி எழுந்தேன். அவளுடைய அம்மா வந்து அவளை வாரி அணைத்துக்கொண்டார். அப்போதுதான் காவ்யா அழுதாள். அப்படி ஒரு அழுகை, டீச்சரும் அழுதார், சின்னச்சாமி அண்ணன் வெளியே போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். துரத்தி முட்டுவதை நிறுத்திவிட்டாளாம். தோட்டத்துப் பக்கம் இன்னும் போவதில்லை. நாய் குரைத்தால் அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். எனக்கும் பயம் போகவில்லை. அன்றைக்கு அவள் என்னை உலுக்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நினைத்தால் இந்த அடுப்படிச் சூட்டிலும் உடம்பு சில்லிட்டுப் போகிறது.

வியாழக்கிழமை இன்னொரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மதினி: இனி எங்கே போனாலும், முன்வரிசையில் உட்காரப் போகிற பிள்ளைகள் யார், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொம்பைக் கட்டுவேன். கேட்டுவிட்டு, அங்கிருந்து ஓடிவரவும் மாட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
ஈஸ்வரி