நாலு மணிக்குக் கதவைத் திறந்து வை

அம்மா,

நீ பூசை முடிந்து வருவதற்குள் கிளம்புகிறேன். புளிக்குழம்பு சட்டியில் இருக்கிறது. அப்பளம் மட்டும் பொரித்துக்கொள்.

சமுதாயக் கூடத்தைத் தெருப் பெரியவர்கள் பூட்டிவிட்டார்கள். அதனால் வகுப்பு இன்று நம் வீட்டில் நடக்கும். உறையூர் வாய்க்காலோரக் குடிசைகளிலிருந்து பெண்களும் பையன்களுமாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மணப்பாறையிலிருந்து வரும் நர்ஸை அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டு போகிறேன். தாமதமானால் பிள்ளைகளை உள்ளே உட்கார வை.

"கல்யாணம் ஆகாததுங்களுக்குத் தீட்டும் கர்ப்பமும் எதுக்குடா? தெருவே சிரிக்கும்" என்று காலையில் சொன்னாய். சிரிக்கட்டும். கர்ப்பமாக இருந்த உன் மருமகள் லிசிக்கு மூன்று நாள் ரத்தம் பட்டபோது, உடம்புச் சூடு என்று நீ இளநீர் கொடுத்தாய். பி.எஸ்சி. படித்த நானும் சூடுதான் என்றேன். நான்காம் நாள் அவளும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அது ஆபத்து என்று நம் இருவருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

ஜோஸ்

பிரஷர் மாத்திரையை மறக்காதே.

இன்னொன்று: கதவைத் திறக்க மனம் வரவில்லை என்றால் விடு. வாசலில் பாய் விரித்து நடத்துவோம். லிசிக்கு நடந்ததைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.