கல்யாணி விட்ட மைனஸ்

வெள்ளிக்கிழமை, ஈப்போ

ரப்பர் தோட்டப் பள்ளியில் என்னோடு படித்த கல்யாணி இப்போது வெளிநாட்டில் பேராசிரியர். இன்று நான் கணிதம் கற்பிக்கும் கல்லூரிக்கு வந்து கலாபி-யாவ் எனும் கணித வெளிகளைப் பற்றிப் பேசினாள். வடிவத்தில் வேறான இரண்டு வெளிகள் ஒரே இயற்பியலைத் தருமாம். ஒன்றின் வடிவத்தைக் குறிக்கும் ஆய்லர் எண்ணுக்குக் குறியை மாற்றினால் மற்றதன் எண் கிடைக்கும். பலகையில் எழுதும்போது அந்த மைனஸை விட்டுவிட்டாள். நான் கவனித்தும் சொல்லவில்லை. பிறகு என் மாணவர்கள் அவளோடு படம் எடுக்க முண்டியடித்தபோது வயிறு எரிந்தது. அந்தத் தவறை நினைத்து ஆறுதல் தேடிக்கொண்டேன்.

காரில் ஏறும்போது, எங்கள் ஊர் "லா" மாறாமல் கேட்டாள்: "மைனஸ் விட்டுட்டேன். நீ பாத்தேதானே? ஏன் சொல்லல லா?"

"கவனிக்கலடி."

"பொய் சொல்லாத. ஸ்கூல்ல என் கணக்கத் திருத்துனதே நீதானே" என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அவள் கொஞ்சமாவது கோபப்பட்டிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.