அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க ஆயா

7 செப்டம்பர் 2003, ஞாயிறு
கணவர் இறந்த நாளிலிருந்து சர்ச்சில் ஃபேனுக்குக் கீழே, மூன்றாம் பெஞ்சுதான் என் இடம். ஆம்பூருக்கே தெரியும். இன்று போனால் புதிதாக வந்த பேங்க் மேனேஜர் மனைவி ரோஸ் கைப்பையோடு பரந்து உட்கார்ந்திருக்கிறாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க ஆயா" என்று பின்பெஞ்சைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். ஆயர் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை.

9 செப்டம்பர்
ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் அந்த 'அட்ஜஸ்ட்' எனக்குப் பழக்கம். கையுறை கேட்ட என் கணவரிடம் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி சொன்னது அதுதான். சுண்ணாம்பில் கை வெந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம்தான் அதைச் சொல்கிறான். முதலாளியிடம் யாராவது சொன்னதுண்டா?

பேத்தி அக்சா காலேஜில் பெரிய அகராதியைப் பார்த்து வந்தாள். இங்கிலீஷ்காரர்கள் பெல்ட்டையும் கண்ணாடியையும்தான் அதிகம் அட்ஜஸ்ட் செய்வார்களாம். லத்தீனில் 'பக்கத்தில்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம்; பக்கத்தில் கொண்டுவருவது. 'ஜஸ்ட்', அதாவது நியாயம், என்கிற சாயல் பிறகுதான் ஒட்டிக்கொண்டதாம்.

பக்கத்துல கொண்டாந்தாளா அவ? பின்னாடி தள்ளினா. இருக்கட்டும். நியாயத்த நான் ஒட்டுறேன்.

17 செப்டம்பர்
அறுப்பின் பண்டிகை வருகிறது. அவரவர் காணிக்கையாகக் கொண்டுவருவதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு பொருளை யாருமே கேட்காவிட்டால் கொண்டுவந்தவள் தலை நிமிர முடியாது. ரோஸ் கேக் செய்கிறாளாம். பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் — அந்தக் கேக்குக்கு ஒரு கை எழக்கூடாது. என் பேச்சை மீற எவளுக்குத் துணிச்சல்?

20 செப்டம்பர்
நாளைக்குப் பண்டிகை. விடியட்டும்.

21 செப்டம்பர், ஞாயிறு
ஏலம் விட்ட சத்தியநாதன் சார் கேக்கை உயரத் தூக்கிக் காட்டினார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு கை எழவில்லை. ரோஸ் முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்தது என் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. முதலில் கை தூக்கியது யார்? ரோஸ். யார் ஏற்றிக் கேட்டும் கையை இறக்கவில்லை. வாங்கியேவிட்டாள்.

இன்னா பொம்பள இவ? நான் பண்ணது தெரிஞ்சு வாங்கினாளா, தெரியாம வாங்கினாளா?

22 செப்டம்பர்
சோறு இறங்கவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு
என்னைப் பார்த்ததும் ரோஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, பெஞ்சைத் தட்டினாள். உட்கார்ந்தேன். தோளோடு தோள் இடித்தது. ஃபேன் காற்று இரண்டு பேருக்கும் வந்தது.

பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்தாள். "ஊறுகாய்ல உப்பு ஜாஸ்தி ஆயா. வீட்ல எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்."

தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் அக்சாவிடம் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னேன். உப்பு கம்மியாக இன்னொரு ஜாடி போட வேண்டும். அவளுக்காக இல்லை. என் ஊறுகாயை ஆம்பூரில் எவளும் குறை சொல்லக் கூடாது.