சவரிக்கு ஒரு பிடி

என்னங்க,

இன்று காலை சட்டியின் மூடியைத் திறந்தேன், உங்கள் சட்டை வாசனை வந்தது. சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் மாட்டுக்கறியும் கோதுமையும் பட்டை லவங்கத்தோடு ஒன்றாக வெந்து குழையும் அந்த மணம் ஞாயிறுதோறும் உங்கள் சட்டையில் ஏறிக்கொண்டு, மறுநாள் நான் சோப்புப் போடும்வரை இறங்காது. ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டுச் சமையலறையில், கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அடி பிடித்துவிட்டதா என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன்.

நீங்கள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாலும், அந்தச் சமையலைக் கண்டுபிடித்தவன் உங்கள் தம்பி சவரிதான். அரிசிக்கு எல்லோரும் தவித்த காலம். ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள். சாந்தோமில் நம் சந்தில் ஒருத்திக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் அதைச் சோறு மாதிரி வடித்துப் போட்டேன். உங்கள் எல்லோருக்கும் தாடை வலித்ததுதான் மிச்சம். அப்போது சவரி சொன்னான், "கறியிலயே கொட்டிடு அண்ணி. வெந்தா சோறு, வேகலன்னா கஞ்சி."

அவன் விளையாட்டுக்குச் சொன்னதை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். கோதுமையில் ஈரம் தெளித்து உரலில் இடித்து உமி போக்குவீர்கள். மரத்தூள் அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் கெட்டியாக்கி, பாட்டிலை உருவிவிட்டு, சனிக்கிழமையே தயாராக வைத்துவிடுவீர்கள். காலையில் நெஞ்செலும்புக் கறியும் கோதுமையும் சட்டியில் ஏறும். மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைத்துவிட்டு நாம் மாதா கோயில் பூசைக்குப் போவோம். சாமியார் பிரசங்கத்தை எவ்வளவு இழுத்தாலும் சட்டிக்கு அவசரம் கிடையாது. உங்கள் அளவு ஆளுக்கு ஒரு பிடி கோதுமை. உங்களுக்கு, எனக்கு, மகளுக்கு, சவரிக்கு. சவரிக்கு மட்டும் உங்கள் பிடி கொஞ்சம் அகலும். நான் பார்த்ததில்லை என்று நினைத்தீர்களாக்கும்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதுவும் நடந்தது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நீங்கள் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக்கொடுத்த வேலையை அவன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டான். பூசை முடிந்து வரும்போது யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். நேராக வீட்டுக்கு வந்தீர்கள். அவன் முன்னால் தட்டு வைத்து, முதல் கவளத்தை அவன் உருட்டும்போது கேட்டீர்கள். "வேலை வாணாம், துன்றதுக்கு மட்டும் வந்துடுவியா?"

உருட்டிய கவளத்தை அவன் தட்டிலேயே வைத்தான். கையைக் கழுவினான். "வரேன் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்கித் திறந்து வெளியே போனான். சாயங்காலம் வந்துவிடுவான் என்று நீங்கள் தட்டை மூடி வைத்தீர்கள். துறைமுகத்தில் தேடினீர்கள், ரயிலடியில் தேடினீர்கள், அவன் சிநேகிதர்கள் வீடுவீடாக ஏறி இறங்கினீர்கள். பசியோடு எழுந்து போனவனை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு எதுவும் தொண்டையில் இறங்காது. உங்களைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மூடியை மாவால் அடைப்பதை நிறுத்தினீர்கள். தெருப்பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தீர்கள். கறி வற்றிப் போகும். பூசையை விட்டுவிட்டு நீங்கள் பக்கத்திலேயே நின்று வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்துப் பகுதியில் இருந்த வீட்டுக்கார மாமா சுத்த சைவம். எத்தனையோ நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து, ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த ஜன்னலைச் சாத்திக்கப்படாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். யாரிடமும் எதிர்த்துப் பேசாத நீங்கள் சொன்னீர்கள்: "வாசனை தெருமுனை வரைக்கும் போவணும் சார். தம்பி எப்பவும் அங்கியே மோந்துட்டு ஓடியாருவான்." அடுத்த ஞாயிறு முதல் அவர் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இப்படிச் சில வருடங்கள் போயின. செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் ஒன்றுக்கு, மேற்கு மாம்பலத்திலிருந்து உங்கள் சின்னம்மா வந்திருந்தார். உங்களைப் பெற்ற அத்தையின் கல்லறையில் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றி முடித்ததும், அவர் இன்னொன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். "சவரிக்கும் ஏத்துடா. எத்தினி நாளுக்குத்தான் அந்த ஆத்துமாவ அலைய வுடுவ?" நீங்கள் அதை வெகுநேரம் வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு ஏற்றினீர்கள். மழைத் தூறலில் அத்தையின் சுடர் அணைந்தது. சவரியின் சுடர் அணையவில்லை.

அந்த ஞாயிறு நீங்கள் கோதுமையை மூன்றே பிடி அளந்தீர்கள். நான் பார்த்தேன். மூடியை மாவால் அடைத்தீர்கள். மழை என்று சொல்லி ஜன்னலையும் சாத்தினீர்கள். தட்டு போடும் நேரத்தில் வாசல் கொண்டி விழுந்தது. மறுபடி எழும்பி மறுபடி விழுந்தது. நம் வீட்டில் அப்படி இரண்டு முறை தட்டுகிறவன் ஒருத்தன்தான். நீங்கள் வெறும் காலோடு ஓடினீர்கள். கேட் திறந்து கிடந்தது. தெருவில் தண்ணீர் ஓடியது, ஆள் இல்லை. கடற்கரை வரை போய்விட்டு நனைந்து திரும்பி வந்தீர்கள்.

"உசுரோட கீறவனுக்குப் போயி ஏத்திட்டேன். வாசல் வரைக்கும் வந்து, தனக்கு சோறு இல்லன்னு தெரிஞ்சிக்கினு போய்ட்டான்" என்றீர்கள்.

மழைக்காற்று என்று நான் உங்களைத் தேற்றினேன். என் காதிலும்தான் இரண்டு முறை விழுந்தது. அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, இன்றும் பயமாக இருக்கிறது.

அதன்பின் நீங்கள் சாகும்வரை அவனுக்கு மெழுகுவத்தி ஏற்றவில்லை. அவன் பிடியையும் குறைக்கவில்லை. கடைசி நாட்களில் கை நடுங்கி, பாதி கோதுமை தரையில் சிதறும். பொறுக்கிப் போடச் சொல்வீர்கள்.

இந்த வருடம் கல்லறைத் தோட்டத்தில், அத்தைக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஏற்றினேன். கையில் இன்னொரு மெழுகுவத்தி இருந்தது. மகள் பார்த்தாள். அதை முந்தானையில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வீட்டில் கொண்டி கிடையாது, மாடி ஏறி மணி அடிக்க வேண்டும். சவரிக்கு இந்த விலாசமே தெரியாது. இருந்தாலும் ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போன இடத்தில் சவரி இருக்கிறானா? தேடிப் பார்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். இருந்தால் எப்படியாவது எனக்குச் சொல்லிவிடுங்கள், அந்த மெழுகுவத்தியை எடுத்து ஏற்றிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்குத் தெம்பு இருக்கும்வரை அடுப்பு எரியும்.

இன்று கோதுமை அளந்தேன். மகளுக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி, சவரிக்கு ஒரு பிடி. பழக்கத்தில் கை மறுபடியும் டப்பாவுக்குள் போய் அள்ளிவிட்டது. அள்ளியதை அப்படியே திரும்பக் கொட்டினேன். உங்களுக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றியாயிற்றே.